கால் மைலுக்கு எந்த கிரவுன்-பினியன்?

கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அம்பாசிடரைத் தயார் செய்கிறவர்கள் முதலில் மாற்றத் துடிப்பது கிரவுன்-பினியனை: எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும், பின் ஆக்சிலில் இருக்கிற பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி. அதைத் தேடி சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுங்கள். வண்டியில் இப்போது என்ன விகிதம் கிடக்கிறது, அதாவது கிரவுன் ஒரு சுற்று வர பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரியாமல், அடுத்து என்ன போடலாம் என்று பேசிப் பிரயோஜனம் இல்லை. நம்ம பக்கத்து அம்பாசிடர்கள் பலவும் டாக்ஸியாக ஓடித் தேய்ந்து, கை மாறி வந்தவை. பின் ஆக்சிலை யார் எப்போது மாற்றினார்கள் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை போடுங்கள். பின்சக்கரத்தில் ஒன்றைத் தரையிலேயே விட்டு அதற்கும் முன்னும் பின்னும் கட்டை. மற்றதை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தபின் ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். தூக்கிய டயரிலும், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வருகிற புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஆளுக்கொரு கோடு. இனி டயரைக் கையால் 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் அசையாமல் நிற்பதால் கிரவுன் அதில் பாதிதான், 10 சுற்று, சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் 43 சுற்று வந்தால் உங்களுடையது 4.3. 49-க்குக் கால் சுற்று குறைவாக நின்றால் 4.875, அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 39. பழைய அம்பாசிடர்களில் நான் அதிகம் எண்ணியது இந்த 8-க்கு 39-தான். சுற்றும்போது பக்கத்தில் ஒருத்தர் சத்தமாக எண்ணட்டும். நடுவில் போன் வந்தால் மறுபடி முதலில் இருந்து.

அடுத்தது டயர். காற்று சரியாக வைத்து, ஆளும் ஏறி உட்கார்ந்தபின், டயரின் அடியில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் பிடியுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சடித்த அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாரம் ஏறினால் டயர் அமுங்கும். கணக்கு எளிதாக இருக்க, ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்.

இனி கணக்கு. ஆர்.பி.எம்.-ஐ டயர்ச் சுற்றால் பெருக்கி, 0.06-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தாலும் கிரவுன் விகிதத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். டாப் கியர் 1, மூன்றாவது ஏறக்குறைய 1.5, முதலாவது ஏறக்குறைய 3.8. நோட்டில் எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, நம்பர் பெருசாப் போட்டா பிக்கப் வருமில்லா?" வரும். "வந்து எங்க போயி நிக்கும்னு பாத்தியாலே?" என்பது என் பதில். கால் மைல் என்பது 402 மீட்டர். அந்தக் கோட்டை எந்த கியரில், எந்த ஆர்.பி.எம்.-இல் தாண்டப் போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். புறப்படும் இடத்திலிருந்து கணக்குப் போட்டால் எப்போதும் பெரிய நம்பர்தான் சரி என்று தோன்றும்.

கை வைக்காத 1489 சிசி எஞ்சினை எடுங்கள். அதன் பலமெல்லாம் 4200 ஆர்.பி.எம்.-ஐ ஒட்டி முடிந்துவிடும். 4500 தாண்டினால் சத்தம்தான் கூடும். 4.875-இல் 4500-க்கு டாப் கியர் 110 கி.மீ. வரை போகும். அந்த எஞ்சின் கோட்டை 100-ஐ ஒட்டித் தாண்டினாலே பெரிய காரியம். அதாவது கம்பெனி போட்டு அனுப்பிய விகிதமே கால் மைலுக்குப் பொருத்தமாக இருக்கிறது. அதே எஞ்சின் குடும்பத்தை எம்ஜிஏ என்ற லேசான ஸ்போர்ட்ஸ் காரில் 4.3 விகிதத்தோடு விற்றார்கள். அதைப் பார்த்து அம்பாசிடரிலும் 4.3 மாட்டினால், கோட்டில் எஞ்சின் நாலாயிரத்தைக்கூடத் தொட்டிருக்காது. காசு கொடுத்து வண்டியை மெதுவாக்கிய கதை. கை வைக்காத எஞ்சினுக்கு ஆக்சிலைத் திறக்காதீர்கள்.

ஹெட் வேலை, கேம், இரட்டை கார்புரேட்டர் எல்லாம் செய்து 5500 வரை மூச்சு விடுகிற எஞ்சினில் கதை மாறும். 4.875-இல் மூன்றாவது கியர் 90-இல் தீர்ந்துவிடும். கோட்டை 110-இல் தாண்டுகிற வண்டி என்றால், மிச்சமிருக்கிற கொஞ்ச தூரத்துக்காக நாலாவது போடவேண்டும். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் லீவர் இருக்கிற வண்டியில் அந்த மாற்றம் எத்தனை மெதுவாக நடக்கும் என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும்; லீவரை நியூட்ரலில் தடவி இழுக்கும் நேரமெல்லாம் வண்டி சும்மா உருள்கிறது. 4.3 போட்டால் மூன்றாவதே 102 வரை வரும். எம்ஜிஏ-வுக்குப் பின் வந்த எம்ஜிபி காரின் 3.909 மாதிரி விகிதத்தில் 112 வரை. நாலாவதைத் தொடவே வேண்டாம். ஆக, இந்த வண்டிக்குச் சின்ன நம்பர் ஜெயிக்கலாம்.

விலை முதல் கியரில் கொடுக்க வேண்டியிருக்கும். 3.8-ஐ 4.875-ஆல் பெருக்கினால் 18.5; 3.909-ஆல் பெருக்கினால் 14.9. புறப்படும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஆனால் ஏற்கனவே முதல் கியரில் டயர் சும்மா சுற்றிப் புகைகிற வண்டியென்றால் போனது உபயோகப்படாத இழுவைதான். புகையாத வண்டியென்றால் நஷ்டம். எந்த கிரவுன் உங்கள் ஹவுசிங்கில் உட்காரும் என்பது வேறு விஷயம். ஆக்சில் தண்டின் முனையில் வெட்டியிருக்கிற பற்களை, அதாவது ஸ்ப்லைனையும் எண்ணிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இதைச் சோதிக்க ஹைவேக்குப் போகாதீர்கள். கங்கைகொண்டான் பக்கம் ரோடு காலியாகத்தான் கிடக்கும், அது உங்களுக்காகக் கிடக்கவில்லை. முழு 402 மீட்டருக்கு சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை மாதிரி மூடிய டிராக்தான் கதி. முதல் 60 அடியை மட்டும் ஊரிலேயே பார்க்கலாம். நான் பார்ப்பது தெரிந்தவர் ஒருத்தரின் அரிசி ஆலைக் களத்தில், அவர் அனுமதியோடு, கேட்டைப் பூட்டிக்கொண்டு. பிசான அறுப்பு நேரத்தில் களம் கிடைக்காது, நெல் காயும். மற்ற நாட்களிலும் முதலில் துடைப்பம் பிடிக்கவேண்டும். சிமெண்ட் தரையில் கிடக்கிற உமியும் தூசியும் டயருக்கு எண்ணெய் மாதிரி. 60 அடிக்கு அப்பால் நின்று அடங்க அதைப்போல மூன்று பங்கு இடம் இல்லாத களத்தில் முயற்சி வேண்டாம்.

அங்கே குனிந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: புகைவது பெரும்பாலும் வலது பின்சக்கரம் மட்டும். ஷாஃப்டின் முறுக்கு ஆக்சிலை ஒரு பக்கமாக உருட்டப் பார்க்கிறது. இடது டயர் தரையில் அழுந்துகிறது, வலது டயர் லேசாகிறது. கிரவுனிலிருந்து முறுக்கைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம முறுக்குத்தான் கொடுக்கும்; லேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். நம் வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருவது ஒரு சின்னப் புண்ணியம். ஸ்டெப்னியை எடுக்காமல் டிக்கியில் வலது பக்கமாகச் சாய்த்து வைத்துக் கட்டினால் இன்னும் கொஞ்சம்.

இதற்குச் சரியான மருந்து லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியே சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல். பிளேட் வைத்த வகையென்றால் அதற்குரிய எண்ணெய் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் முனகும், பிளேட் சீக்கிரம் போகும். பல்சக்கர வகை ரோட்டுக்கு நல்லது, ஆனால் ஒரு சக்கரம் முழுக்கத் தரையை விட்டுத் தூக்கினால் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்களை, ஸ்பைடர் கியரை, வெல்டு வைத்து ஒட்டுவது மலிவு. நேர்கோட்டில் வேலையும் செய்யும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றி வரும்போது உள்சக்கரம் தரையில் தேய்ந்து கத்தும், ஆக்சில் தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் அதைச் செய்து கொடுப்பதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

அம்பாசிடரில் பின்பக்கம் டகடகவென்று குதித்தால் அது விகிதத்தின் குற்றமில்லை. வில் பட்டை வளைந்து ஆக்சில் முறுக்கிக்கொள்கிறது. புஷ்ஷையும் யூ-போல்ட்டையும் பாருங்கள், ஆக்சில் முறுக்காமல் பிடிக்க ஒரு டிராக்ஷன் பார் போடுங்கள். காண்டெஸா காருக்குப் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், அங்கே இந்த வியாதி குறைவு.

கிரவுன் மாற்றுவது என்று முடிவெடுத்தால், ஜோடியாகத்தான் வாங்கவேண்டும். கிரவுனிலும் பினியனிலும் ஒரே எண் பொறித்திருக்கும்; சேர்த்து அரைத்தவை அவை, வேறு ஜோடியோடு சேராது. அம்பாசிடரில் ஆக்சில் தண்டுகளை உருவிவிட்டு டிஃபரன்ஷியலை மொத்தமாக முன்பக்கம் கழற்றி மேஜையில் வைத்துக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம். டயல் கேஜ் வைத்து பல் இடைவெளி பாருங்கள். கிரவுனிலேயே அளவு பொறித்திருந்தால் அதுதான், பெரும்பாலும் 0.1-க்கும் 0.2 மில்லிமீட்டருக்கும் நடுவில் வரும்.

பிறகு சாயம். நாலைந்து பல்லில் மெல்லியதாகத் தடவி, கிரவுனை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டே பினியனைச் சுற்றுங்கள். சாயம் அழிந்து பளபளக்கிற இடம்தான் பல் தொடுகிற இடம். அது பல்லின் நடுவில், நீள்வட்டமாக விழவேண்டும். பல்லின் தலையில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ளவேண்டும். அடியில் விழுந்தால் வெளியே. குறுகிய உள்முனையில் விழுந்தால் கிரவுனை விலக்குங்கள், அகன்ற வெளிமுனையில் விழுந்தால் நெருக்குங்கள். இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடு, ஷிம், ஒன்றை மாற்றினால் மறுபடி இடைவெளி, மறுபடி சாயம். அரை நாள் போகும். இதைச் செய்யாமல் மாட்டிக் கொடுத்த ஒரு ஆக்சில், வேறு பட்டறையில் இருந்து வந்தது, நாங்குநேரி தாண்டுவதற்குள் ஊளையிட ஆரம்பித்து என்னிடம் வந்தது. பற்களின் வெளிமுனை நீலம் பாரித்திருந்தது.

இவ்வளவு பிரித்து மாட்டுவதற்கு முன் மலிவான ஒரு வழி உண்டு: சின்ன டயர். 4.3 வண்டியில் 2 மீட்டர் டயருக்குப் பதில் 1.85 மீட்டர் டயர் போட்டால் அது 4.65 போட்டதற்குச் சமம். கடன் வாங்கிய இரண்டு சக்கரத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

டிராக்கில் கிடைக்கிற சீட்டில் மூன்று எண்ணைப் பாருங்கள்: 60 அடி நேரம், மொத்த நேரம், கோட்டைத் தாண்டிய வேகம். தாண்டும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எஞ்சின் பலமும் வண்டி எடையும். விகிதம் மாற்றினால் அது பெரிதாக நகராது. நேரம் குறைந்து வேகம் அப்படியே இருந்தால் சரியான விகிதம். வேகமும் விழுந்தால் எஞ்சின் கோட்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது, அல்லது ஒரு கியர் மாற்றம் கூடிவிட்டது. 60 அடி நேரம் கூடினால் டயரைப் பாருங்கள். எதிர்காற்று அடிக்கிற நாளின் சீட்டை வேறு நாள் சீட்டோடு ஒப்பிடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றைத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

வண்டியை ஓட்டியே இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. 90 கி.மீ. வேகத்தில் 4.875-க்கு எஞ்சின் 3650 ஆர்.பி.எம். சுற்றும், 4.3-க்கு 3225. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, 4.875-ஐ எடுத்து 4.3 போட்டபின் முள் 88 காட்டும்போது நீங்கள் உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.