ஃபுஜி மலை ஏறுமுன் பார்க்க வேண்டிய கோயில்

ஜப்பானில் ஃபுஜி மலை ஏறப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே பஸ் பிடித்து, நடந்து ஏறத் தொடங்கும் இடமான ஐந்தாம் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, அடிவாரத்து ஃபுஜினோமியா ஊரில் இருக்கும் ஹொங்கூ செங்கென் கோயிலைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான்.

மலையின் தேவி கொனொஹனசகுயாஹிமேவுக்கான கோயில் இது. எரியும் குடிசைக்குள் பிள்ளை பெற்றவள் என்பது புராணம். அதனால் சுகப்பிரசவத்துக்கும் அவளை வேண்டுகிறார்கள்.

தோரி எனப்படும் கோயில் நுழைவாயிலில் லேசாகக் குனிந்து வணங்கி, ஓரமாக நடங்கள். நடுவழி தெய்வத்துக்கு உரியது. தொட்டியில் கரண்டியால் தண்ணீர் மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை, அப்புறம் உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். கரண்டியை வாயில் வைக்கக் கூடாது. சந்நிதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். 1604-ல் அன்றைய ஆட்சியாளர் தொகுகவா இயெயாசு கட்டித்தந்த இரண்டடுக்குக் கருவறையை அண்ணாந்து பாருங்கள், அபூர்வமான அமைப்பு.

கோயில் வளாகத்திலுள்ள வகுதமா குளத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஃபுஜியின் பனி உருகி, பாறைக்குள் இறங்கி இங்கே ஊற்றாகப் பொங்குகிறது. அடித்தரைப் பாசி அசைவதுகூடத் தெரியும். அந்தக் காலத்து யாத்திரிகர்கள் இதில் குளித்த பிறகே மலையேறினார்கள். இதே கோயிலின் சந்நிதி மலையுச்சியிலும் உண்டு, ஆனால் கோடைகால மலையேற்றப் பருவத்தில் மட்டும்தான் திறந்திருக்கும்.