இரண்டு அப்பாக்கள் வரும் விளம்பரம், மதத்தின் பெயரில் வரும் கோபம்: எழுதுமுன்னும் பகிருமுன்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருபால் இணையரைக் குடும்பமாகக் காட்டும் வெளிநாட்டு விளம்பரங்கள் பற்றிய சர்ச்சை வன்னிக்குக் கடை வழியாக வருவதில்லை. பரந்தன் சந்தியிலோ நெடுங்கேணியிலோ பலசரக்குக் கடைச் சுவரில் இரண்டு அப்பாக்களும் ஒரு கைக்குழந்தையும் நிற்கிற விளம்பரத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரின் கைபேசியிலிருந்து அது குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குள் விழும். கூடவே "கிறிஸ்தவர்கள் கொந்தளிப்பு" என்றோ "இந்துக்களுக்கு அவமதிப்பு" என்றோ ஒரு வரி வரும். இரண்டு நாளில் அந்த வரி ஞாயிறு மறையுரையிலும், கோயில் பரிபாலன சபைக் கூட்டத்திலும், உள்ளூர்ச் செய்தித் தளத்திலும் ஏறிவிடும். விளம்பரமோ பத்து வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஓடி முடிந்திருக்கும்.

பங்கு மடல் தயாரிப்பவர்கள், சபைகளுக்கு அறிக்கை எழுதும் செயலாளர்கள், ஊர்ச் செய்தி எழுதுபவர்கள், ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். அந்த விளம்பரங்கள் நல்லவையா கெட்டவையா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

"மதம் எதிர்த்தது" என்று எழுதுவது

மதம் அறிக்கை விடுவதில்லை. ஓர் ஆள் விடுவார், ஓர் அமைப்பு விடும், சில வேளை ஓர் அரசியல்வாதி விடுவார். அது யார் என்று எழுதாத செய்தி பாதிச் செய்திதான்.

அமெரிக்க விளம்பரங்கள் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் பெயர் "வன் மில்லியன் மொம்ஸ்". தமிழில் இதைப் "பத்து இலட்சம் தாய்மார் எதிர்ப்பு" என்று தலைப்பாக்கிவிடுகிறார்கள். அது பெயர் மட்டுமே, தலை எண்ணிக்கை இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் இயங்கும் அமெரிக்கன் ஃபமிலி அசோசியேஷன் என்ற அமைப்பின் ஒரு பிரிவு அது. 2012 இல் ஜேசி பெனி கடைகள், 2014 இல் ஹனி மெய்ட் பிஸ்கட், 2015 இல் கம்பல்ஸ் சூப், 2019 இல் ஹோல்மார்க் தொலைக்காட்சி என்று நான்குக்கும் எதிராகக் குரல் கொடுத்தது இதே பிரிவு. நான்கு செய்திகளையும் தனித்தனியாகப் படிப்பவருக்கு நான்கு மக்கள் எழுச்சி நடந்தது போலத் தெரியும். ஒரே முகவரியிலிருந்து நான்கு கடிதம் போயிருக்கிறது என்று எழுதினால் அளவு சரியாகத் தெரியும்.

இதற்கு எதிர்மாதிரி ஒன்றும் உண்டு. 1997 இல் அமெரிக்காவின் சதர்ன் பப்டிஸ்ட் திருச்சபை டல்லஸில் கூடி, வாக்கெடுத்து, டிஸ்னி நிறுவனத்தைப் பகிஷ்கரிக்கத் தீர்மானம் போட்டது. 2005 இல் இன்னொரு தீர்மானத்தால் அதை முடித்தது. திருச்சபை எதிர்த்தது என்று இங்கே தயங்காமல் எழுதலாம். ஆனால் அது விளம்பரச் சண்டை இல்லை. ஊழியர்களின் ஒருபால் துணைவர்களுக்கும் நிறுவனம் சலுகை கொடுத்தது முக்கிய காரணங்களில் ஒன்று. இணையத்தில் கையெழுத்துத் திரட்டுவதையும் பேராளர்கள் கூடி வாக்கெடுப்பதையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது.

சைவத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். எல்லோருக்கும் சேர்த்துப் பேசத் தனித் தலைமை கிடையாது. ஒரு கோயிலின் பரிபாலன சபை அந்தக் கோயிலுக்குத்தான் சபை. 2021 ஒக்டோபரில், இரண்டு பெண்களை இணையராகக் காட்டிய இந்திய டாபர் நிறுவனத்தின் ஃபெம் கிறீம் விளம்பரத்தை மீளப் பெறாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தவர் மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா. "இந்து மதம் எதிர்த்தது" என்று எழுதும்போது அமைச்சர் மறைந்து, அவருடைய இடத்தில் ஒரு மதம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கத்தோலிக்கச் செய்திகளில் வேறு மாதிரியான பிழை. 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், ஒருபால் இணையராக வருபவர்களுக்கு, திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில், குருவானவர் ஆசீர் அளிக்கலாம் என்றது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்று அதே ஆவணம் சொல்கிறது. "பாப்பரசர் ஒருபால் திருமணத்தை ஏற்றுக்கொண்டார்" என்று பரவியது பிழை. "திருச்சபை இவர்களை ஒதுக்கச் சொல்கிறது" என்பதும் பிழை: மறைக்கல்வி ஏட்டின் 2358 ஆம் பத்தி ஒருபால் ஈர்ப்புடையவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது, அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. அதற்கு முந்திய பத்தி ஒருபால் உறவை ஏற்கவில்லை. ஒன்றை மட்டும் வெட்டி ஒட்டுபவர் எந்தப் பக்கத்தவரானாலும் ஏமாற்றுகிறார்.

பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021 இல் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 முதல் தனியாக இயங்குகிறது. லண்டன் செய்தியைப் படித்துவிட்டு ஊர்ப் போதகரிடம் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

முழுவதும் பார்க்காமல் எழுதுவது

வட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் வெட்டிய துண்டுதான். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை பகிரப்பட்டது" என்ற பொருளில் குறிப்பு இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு காட்சியைத் திரையில் நிறுத்திப் படம் பிடித்து, கூகிள் லென்ஸ் என்ற படத் தேடலில் போட்டுத் தேடுங்கள். கிடைப்பவற்றில் மிகப் பழைய திகதி எது என்று பாருங்கள். பிறகு நிறுவனத்தின் சொந்த யூரியூப் பக்கத்தில் முழுப் படம் இருக்கிறதா பாருங்கள். மீளப்பெற்ற விளம்பரம் அங்கே இருக்காது. செய்தி நிறுவனங்களின் பக்கத்தில்தான் தேட வேண்டும். தரவு கொஞ்சம் செலவாகும், பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

பார்த்தால் என்ன கிடைக்கும்? டாபர் விளம்பரத்தையே எடுப்போம். ஒரு பெண் மற்றவளின் முகத்தில் வெண்மையாக்கும் கிறீமைப் பூசுகிறாள். இருவரும் கர்வா சௌத் விரதத்துக்குத் தயாராகிறார்கள். இரவில் சல்லடைக்குள்ளால் நிலவையும் ஒருவர் மற்றவரின் முகத்தையும் பார்க்கிறார்கள். கணவனுக்காக மனைவி இருக்கும் விரதம் என்பதால் ஒரு தரப்புக்குக் கோபம். தோலை வெளுக்க வைக்கும் கிறீமை விற்க ஒருபால் காதலைப் பயன்படுத்துகிறார்களே என்று இன்னொரு தரப்புக்குக் கோபம். இரண்டாவது கோபத்துக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. முழுவதும் பார்க்காதவர் இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடுவார்.

வன்னி வாசகருக்கு விளங்க வேண்டுமே என்று கர்வா சௌத்தைக் "கேதாரகௌரி விரதம்" என்று மொழிபெயர்ப்பதையும் காண்கிறோம். நல்ல எண்ணம்தான், விளைவு மோசம். கேதாரகௌரி 21 நாள் இருந்து, தீபாவளியோடு வரும் அமாவாசையில் காப்புக் கட்டி முடிப்பது. கர்வா சௌத் நிலவு எழும்வரை ஒரே நாள், வட இந்திய வழக்கம். பெயரை மாற்றினால், எங்கள் அம்மாமார் இருக்கும் விரதத்தை யாரோ கேலி செய்தது போல ஆகிவிடும். கர்வா சௌத் என்றே எழுதி, ஒரு வரியில் விளக்கம் கொடுங்கள்.

படம் மட்டும் வரும்போது இன்னும் கவனம் தேவை. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் 2015 விளம்பரத்தில் இரண்டு பெண்கள் சைகை மொழி படிக்கிறார்கள், பயிற்சி செய்கிறார்கள், கடைசியில் காது கேளாத ஒரு சிறுமியைத் தத்தெடுக்கிறார்கள். அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்தால் இரண்டு பெண்களும் ஒரு பிள்ளையும், வேறொன்றுமில்லை. 2009 க்குப் பிறகு வன்னியில் எத்தனை பிள்ளைகளைப் பெரியம்மாவும் சின்னம்மாவும், அம்மாவும் அம்மம்மாவும் சேர்ந்து வளர்த்திருக்கிறார்கள்! அப்படி ஒரு வீட்டுப் படத்துக்கு "விளம்பரத்தில் வந்த குடும்பம்" என்று யாராவது தலைப்புப் போட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மூலம் தெரியாத குடும்பப் படத்தை எந்த விளக்கத்தோடும் போடவேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுவது

2020 இல் மீளப்பெறப்பட்ட தனிஷ்க் நகை விளம்பரம் இந்து மருமகளும் முஸ்லிம் மாமியாரும் பற்றியது. 2017 விக்ஸ் விளம்பரம் ஒரு திருநங்கைத் தாயும் அவர் வளர்த்த மகளும் பற்றியது. 2023 இல் இந்தியாவில் வந்த ஸ்டார்பக்ஸ் விளம்பரம் திருநங்கையான மகளும் அவருடைய பெற்றோரும். மூன்றிலும் ஒருபால் இணையர் இல்லை. ஆனாலும் "ஒருபால் விளம்பரங்களுக்கு எதிர்ப்பு" என்ற பட்டியல்களில் இவை வருகின்றன.

சொல்லும் முக்கியம். "ஓரினச்சேர்க்கைக் குடும்பம்" என்று எழுதினால் வாசகரின் மனம் நேரே படுக்கையறைக்குப் போகும். கம்பல்ஸ் விளம்பரத்தில் இருந்ததோ சூப் கிண்ணம். ஒருபால் இணையர், ஒருபால் பெற்றோர் என்பது போதும். எதிர்ப்பவரின் வாசகத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் அவர் பாவித்த சொல்லை அப்படியே விடுங்கள், மெருகூட்ட வேண்டாம்.

"பகிஷ்கரிப்பால் நட்டம்" என்று கணக்கு எழுதுவது

இதற்கு ஜேசி பெனியை விடச் சிறந்த பாடம் கிடையாது. 2012 பெப்ரவரியில் ஒருபால் ஈர்ப்பாளரான நடிகை எலன் டிஜெனரஸை விளம்பர முகமாக வைத்ததற்கு வன் மில்லியன் மொம்ஸ் எதிர்ப்புத் தெரிவித்தது. நிறுவனம் அசையவில்லை. மே மாத அன்னையர் தின ஏட்டில் இரண்டு அம்மாக்கள், ஜூனில் தந்தையர் தினத்துக்கு இரண்டு அப்பாக்கள். அந்த வருட விற்பனை ஏறத்தாழ 1,730 கோடி டொலரிலிருந்து 1,300 கோடிக்கு இறங்கியது, கால் பங்கு வீழ்ச்சி. "பார், கடவுளின் தண்டனை" என்று எழுத இதைவிட வசதியான எண் வேண்டுமா?

ஆனால் அதே பெப்ரவரியில்தான் புதிய தலைவர் ரொன் ஜோன்சன் கழிவுக் கூப்பன்களையும் மலிவு விற்பனைகளையும் நிறுத்தினார். கூப்பனை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து பழகிய சனம் வராமல் விட்டது. 2013 ஏப்ரலில் அவர் போனார், கூப்பன் திரும்பி வந்தது. எண் சரி, காரணம் பிழை. விற்பனை எண்ணை எழுதுமுன் மூன்றைக் கேளுங்கள்: அந்த வருடம் நிறுவனம் விலையில், கடைகளில், தலைமையில் வேறு என்ன மாற்றியது? அதே துறையில் மற்றக் கடைகளுக்கு என்ன நடந்தது? எதிர்ப்புக்கு முந்திய மாதங்களில் விற்பனை எப்படி இருந்தது? பதில் இல்லையென்றால் காரணத்தை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பகிஷ்கரிக்கச் சொல்லும் அறிக்கையை எழுதிக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று. 2020 இல் யூனிலீவர் ஒருபால் ஈர்ப்புடையோருக்கு ஆதரவாக வானவில் நிறச் சின்னம் வெளியிட்டதைக் கண்டித்து, இந்தோனேசிய உலமா சபைப் பொறுப்பாளர் ஒருவர் அந்த நிறுவனப் பொருட்களை வாங்க வேண்டாம் என்றார். இங்கே அதைச் சொன்னால் சன்லைட், லைஃப்போய், சிக்னல், விம் எல்லாம் அதற்குள் வரும். முள்ளியவளையில் ஒரு சிறு கடைக்காரரின் தட்டில் பாதி காலி. அறிக்கையில் பொருட்களின் பெயரில்லாமல் "அந்த நிறுவனம்" என்று மட்டும் எழுதுவதால்தான் காலையில் கையொப்பம் இட்டவரே மாலையில் அதே சவர்க்காரத்தை வாங்குகிறார்.

முதல் நாளோடு செய்தியை முடிப்பது

2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும், சோலா என்ற திருமணச் சேவை நிறுவனத்தின் விளம்பரத்தை ஹோல்மார்க் தொலைக்காட்சி எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்தியது. சில நாட்களுக்குள் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றியது. முதற் செய்தி மட்டும் இன்னும் சுற்றுகிறது. ஹனி மெய்ட், தனக்கு வந்த கண்டனங்களை எல்லாம் அச்சடித்துச் சுருட்டி, அந்தத் தாள் சுருள்களை நிறுத்தி "அன்பு" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக்கிப் படம் பிடித்து வெளியிட்டது.  

வெல்ஸ் ஃபார்கோ கதைக்கும் இரண்டாம் பாதி உண்டு. அந்த விளம்பரத்துக்காக 2015 ஜூனில் போதகர் பிராங்ளின் கிரகாம் தன் ஊழிய நிறுவனத்தின் கணக்குகளை பிபி அன்ட் ரி வங்கிக்கு மாற்றுவதாக அறிவித்தார். அந்த வங்கியும் ஒருபால் ஈர்ப்புடையோரின் மயாமி பீச் பிரைட் விழாவுக்கு அனுசரணை வழங்கிய வங்கிதான் என்று உடனே வெளிவந்தது. எதிர்ப்புச் செய்தியைப் போட்டால் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சட்டத்தைக் கலந்து பயமுறுத்துவது

"இலங்கையில் இந்த விளம்பரத்தைப் பகிர்ந்தாலே மறியல்" என்று சொல்பவர்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை இழுக்கிறார்கள். அவை 1883 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை, 1995 இல் திருத்தப்பட்டவை, பாலியல் செயல் பற்றியவை. ஒரு குடும்பம் மேசையில் இருந்து சாப்பிடுவதைக் காட்டுவது பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து "சட்டம் நீக்கப்பட்டது" என்று எழுதியவர்களும் பிழை. நீதிமன்றம் சொன்னது சட்டமூலத்தைப் பற்றி மட்டும்.

கவனிக்க வேண்டிய சட்டங்கள் வேறு. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாகுபாடு, பகைமை, வன்முறை என்பவற்றைத் தூண்டும் மதவெறுப்புப் பேச்சைக் குற்றமாக்குகிறது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. "அந்த மதக்காரர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று விளம்பரத்துக்குக் கீழே எழுதும் கருத்துகளே குழு நிர்வாகியை வில்லங்கத்தில் மாட்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட அவசரமானது. அமெரிக்க விளம்பரத்தில் தொடங்கும் பேச்சு ஐந்தாவது செய்தியில் "எங்கட ஊரிலயும் ஒராள் இருக்கு" என்று திரும்பும். அங்கே பெயர், பாடசாலை, வேலை செய்யும் இடம், படம் எதுவும் வர விடாதீர்கள். வந்துவிட்டால் நிர்வாகி "எல்லோருக்கும் நீக்கு" என்பதை உடனே அழுத்த வேண்டும். வட்ஸ்அப் நிர்வாகிக்கு மற்றவர் போட்ட செய்தியையும் நீக்க முடியும். அழிக்குமுன் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஒதியமலையில் போட்ட படம் ஒட்டுசுட்டானுக்குப் போக மூன்று நிமிடம் காணும்.

நீங்களே பிழையாகப் பகிர்ந்திருந்தால், திருத்தத்தை அதே குழுவில், அந்தச் செய்தியை இழுத்து, அதற்கு மறுமொழியாகப் போடுங்கள். "நேற்று நான் போட்டது 2014 ஆம் ஆண்டு அமெரிக்க விளம்பரம். எதிர்த்தது ஓர் அமைப்பு. நிறுவனம் அதை நிறுத்தவில்லை." மூன்று வரி காணும்.