மூட்டு மாற்றி ஆறு மாதத்தில் வரும் படிவம்

இங்கிலாந்தில் என்எச்எஸ் எனும் அரசு மருத்துவ சேவை மூலம் முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ மாற்றிக்கொள்பவர்களுக்கு இரண்டு கேள்விப் படிவங்கள் உண்டு. முதலாவதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பு வைத்தியசாலையில் தருவார்கள். இரண்டாவது, ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, பெரும்பாலும் தபாலில் வரும். 2009 ஏப்ரலில் தொடங்கிய நாடளாவிய ஏற்பாடு இது. விளம்பரக் கடிதம் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

புது மூட்டு சரியாகப் பொருந்தியிருப்பதை எக்ஸ்ரே காட்டும். அம்மாவால் மாடிப்படி ஏற முடிகிறதா, இரவில் வலியில்லாமல் தூங்குகிறாரா என்பது அவருக்குத்தான் தெரியும். முன்னே சொன்னதையும் பின்னே சொன்னதையும் ஒப்பிட்டுத்தான் ஒரு வைத்தியசாலையின் சிகிச்சை எவ்வளவு பலன் தந்தது என்று கணக்கிடுகிறார்கள். ஒன்றை மட்டும் நிரப்பினால் ஒப்பிட எதுவும் இருக்காது. நம்மவர்கள் பதில் அனுப்பாவிட்டால் நம் சிரமம் அந்தக் கணக்கில் ஏறாது. நிரப்புவது கட்டாயமில்லை, என்ன எழுதினாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது.

புதிதாக வந்தவர்கள் அடிக்கடி வீடு மாறுவதால் படிவம் பழைய விலாசத்துக்கே போய்விடுவதுண்டு. ஆகவே புது விலாசத்தை ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) சொல்வதோடு வைத்தியசாலைக்கும் தனியாகச் சொல்லுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் இரண்டு படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் வந்தால் இரண்டையும் இணைப்பது சிக்கலாகும்.

மூட்டுப் பற்றி 12 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 48, கூடினால் நல்லது. கூட்டுவது அவர்கள் வேலை. நீங்கள் ஒரு கேள்விக்கு ஒரு விடையை மட்டும் குறித்தால் போதும். இரண்டுக்கு மேல் வெற்றாக விட்டால் மொத்தப் புள்ளியைக் கணக்கிட முடியாது. இவை கடந்த நான்கு வாரங்களைப் பற்றியவை, அதுவும் மாற்றிய மூட்டைப் பற்றி மட்டும். இடது முழங்காலை மாற்றியிருக்க, வலது காலின் வலியை அங்கே எழுதக் கூடாது. சாப்பிட்டு எழும்போது வலிக்கிறதா என்ற கேள்வி நாற்காலியிலிருந்து எழுவதைக் குறிக்கிறது, தரையிலிருந்து அல்ல.

அடுத்த பகுதி பொதுவான உடல்நலம்: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை. இங்கே கேட்பது இன்றைய நிலை. அதன் கூடவே 0 முதல் 100 வரை ஓர் அளவுகோல் வரும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வார்டில் வலிக்கு எண் கேட்கும்போது 0 என்றால் வலியே இல்லை. இதில் தலைகீழ்: 100 தான் மிக நல்ல உடல்நலம்.

இன்னொன்று, டாக்டர் மனம் கோணுமே என்று எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை’ போடுவது நம் பெரியவர்களின் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். ஆங்கிலம் வராதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லலாம், ஆனால் பதில் நோயாளியுடையதாக இருக்கட்டும்.

படிவத்தில் எழுதியதைப் பார்த்து யாரும் உடனே அழைக்க மாட்டார்கள். காயம் சிவந்து நீர் வடிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றே வைத்தியசாலைக்கோ என்எச்எஸ் ஆலோசனை எண்ணான 111க்கோ பேசுங்கள். மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும் அவசர எண்ணான 999.