அட்டையில் பென்குயின் இருந்தால் போதாது

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்தப் பள்ளிக்குச் செல்லும் தன்னார்வலருக்கு அடையாள அட்டையும் அறிமுகக் கடிதமும் தேவைதான். முன்பின் தெரியாத ஒருவரைத் தலைமையாசிரியர் எதை நம்பிக் கணினி அறைக்குள் விடுவார்? ஆனால் தன்னார்வலர் குழுக்கள் அச்சடிக்கும் அட்டைகள் பலவும் ஐயத்தைப் போக்காமல் கூட்டிவிடுகின்றன.

முதல் தவறு, தோரணை. பத்துப் பேர் கொண்ட குழுவில் ‘மாநில ஒருங்கிணைப்பாளர்’ மட்டும் நான்கு பேர் இருப்பார்கள். போதாக்குறைக்கு அட்டையின் மூலையில் நான்முகச் சிங்கம். இது விளையாட்டல்ல. அரசுச் சின்னத்தை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். மென்பொருள் சின்னங்களிலும் வேறுபாடு உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமாக 1996இல் லாரி யூயிங் வரைந்த டக்ஸ் பென்குயினை, அவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் சின்னமோ கனோனிக்கல் நிறுவனத்தின் வணிகக்குறி. நிறுவனமே உங்களை அனுப்பியதுபோல் காட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது. நிரல் கட்டற்றது என்பதால் பெயரும் சின்னமும் கட்டற்றவை ஆகிவிடா.

தேர்வுச் சான்றிதழை அனுமதிச் சீட்டாக நீட்டுவது அடுத்த தவறு. ஐஐடி பாம்பேயின் மென்பொருள் பயிற்சித் திட்டமான ஸ்போக்கன் டுடோரியல் தரும் சான்றிதழ், லினக்ஸ் தேர்வுகள் நடத்தும் எல்பிஐ அமைப்பின் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் சான்றிதழ் ஆகியவை உங்களுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் சொல்கின்றன. உங்களை யார் அனுப்பினார், சிக்கல் வந்தால் யார் பதில் சொல்வார் என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். அதில் பள்ளியின் பெயர், வரும் நாள், நடத்தப்போவது என்ன, கையொப்பமிட்டவரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். அந்த எண்ணை அழைத்தால் எடுக்கவும் வேண்டும்! முடிவுத் தேதி இல்லாத அட்டை, குழுவை விட்டு விலகியவர் கையிலும் செல்லுபடியாகும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குழு பதிவு பெற்றிருந்தால் பதிவு எண்ணைப் போடுங்கள். பெறவில்லையென்றால், அருகிலுள்ள கல்லூரியின் கணினித் துறையிடம் அறிமுகக் கடிதம் கேட்பது மேல்.

எவ்வளவு நல்ல கடிதமும் கல்வித்துறை அனுமதிக்கு ஈடாகாது. 2024 செப்டம்பரில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவரின் உரை பெரும் சர்ச்சையானது. அதன்பின் தலைமையாசிரியர்கள் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அட்டை இருக்கிறது என்பதற்காக ஆசிரியர் இல்லாத வகுப்பில் நிற்காதீர்கள். மாணவர்களைப் படமெடுத்துப் பகிராதீர்கள்.

எதை நிறுவுவோம், எதைத் தொடமாட்டோம் என்பதையும் கடிதத்தில் எழுதாமல் விடுகிறார்கள். பள்ளிக் கணினிகள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். இயங்குதளத்தை மாற்றினால் சிக்கிக்கொள்பவர் கணினி ஆசிரியர். ‘வன்தட்டில் எதுவும் மாற்றப்படாது, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டுவோம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.