ஸ்லூவின் செடிகளைப் பார்த்தே அது எந்த வகைக் குட்டை என்று கண்டுபிடிப்பது எப்படி

சஸ்காட்செவன், மனிடோபா, வட டக்கோட்டா பக்கம் காரில் போனால் வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகக் குட்டைகள் வந்துகொண்டே இருக்கும். கனடாவில் ஸ்லூ என்பார்கள், அமெரிக்கப் பக்கம் பாட்ஹோல். 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள் இவை. பெரும்பாலானவற்றுக்கு ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வசந்தத்தில் பனி உருகினால் நிறையும், மழை பெய்தால் கொஞ்சம் ஏறும், கோடை முடிவதற்குள் பலவும் வற்றிவிடும். இதில் வருடா வருடம் வற்றுகிற குட்டை எது, தாக்குப்பிடிக்கிற குட்டை எது என்று ஒரே தடவை போய்ப் பார்த்துச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் தண்ணீரை நம்பக் கூடாது. மே மாதத்தில் எல்லாமே ஏரி மாதிரிதான் இருக்கும், வறண்ட ஆகஸ்டில் எல்லாமே காய்ந்த சேறுதான். பல வருடக் கணக்கு செடிகளிடம்தான் இருக்கிறது.

இதற்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருப்பது ராபர்ட் ஸ்டூவர்ட், ஹெரால்டு கேன்ட்ரட் என்ற இரண்டு அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட முறை. குட்டையைச் சுற்றிச் செடிகள் வளையம் வளையமாக நிற்கும். நடுவில், ஆழமான இடத்தில் எந்த வளையம் இருக்கிறதோ, அது மொத்தப் பரப்பில் 5 சதவீதமாவது இருந்தால், அதுதான் குட்டையின் வகை. அவ்வளவுதான் சூத்திரம். கஷ்டம் முழுக்க வளையங்களைப் பிரித்துப் பார்ப்பதில்தான்.

ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் போங்கள். கோரைகளை இனம் பிரிக்கக் காய் வேண்டும், காய் இல்லாத கோரையை வைத்துக்கொண்டு நிபுணர்களே தலையைச் சொறிவார்கள். இன்னொன்று, மே, ஜூனில் சுற்றியுள்ள புல்லில் வாத்துகள் அடைகாத்துக்கொண்டிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆழம் பார்க்க ஒரு கழி, ஒரு சிறிய லென்ஸ் போதும். திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். பல குட்டைகள் யாரோ ஒரு விவசாயியின் நிலத்தில்தான் இருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வெளியிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நடங்கள். முதலில் சாதாரணப் புல்வெளி, அங்கங்கே வெள்ளைக் காய் காய்க்கும் ஸ்னோபெரி புதர். அப்புறம் கால் லேசாக அமுங்க ஆரம்பிக்கும். இது ஈரப் புல்தரை. பால்டிக் ஜங்கஸ் என்ற கோரை போன்ற செடி, மெல்லிய இலைக் கோரைகள், காட்டுப் புதினா (மிதித்தாலே வாசனை வரும்), வெள்ளிக் குஞ்சம் போலக் கதிர் ஆடும் ஃபாக்ஸ்டெயில் பார்லி. இங்கே தண்ணீர் வசந்தத்தில் சில வாரம்தான் நிற்கும்.

அடுத்தது ஆழம் குறைந்த சதுப்பு. பருவத்துக்குப் பருவம் வற்றும் குட்டைகளின் நடுப்பகுதி இதுதான், அதனால் இங்கே நிதானமாக நில்லுங்கள். தண்டை விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் அநேகமாகக் கோரைக் குடும்பம். இடுப்பு உயரத்துக்கு அடர்த்தியாக நின்று, இலை உறையில் மென்மயிரும் காயின் நுனியில் இரண்டு கூர் முட்களும் இருந்தால் அது கேரெக்ஸ் அதரோடீஸ், ஸ்லூ செட்ஜ் என்பது இதைத்தான். தண்டு உருண்டையாக, உள்ளே பொள்ளலாக, மேலே வெளிறிய பூங்கொத்தோடு உயரமாக நின்றால் ஒயிட்டாப் என்ற ஸ்கோலோக்ளோவா புல்; வைக்கோலுக்காக வெட்டுவதும் உண்டு. இலையே இல்லாமல் வெறும் பச்சைக் குச்சியாக, நுனியில் ஒரே ஒரு கதிரோடு நின்றால் எலியோகாரிஸ். மூன்றும் சேர்ந்தே இருக்கலாம், ஒன்று மட்டுமே மொத்தக் குட்டையையும் பிடித்திருக்கவும் செய்யலாம்.

எது அதிகம் என்பதிலிருந்து தண்ணீரின் உப்பும் ஓரளவு தெரியும். கிளிசீரியா என்ற உயரப் புல் இருந்தால் நல்ல தண்ணீர், ஒயிட்டாப் கொஞ்சம் உப்பையும் தாங்கும், ஓரத்தில் சாலிகார்னியா என்ற சிவப்புச் சதைச் செடி படர்ந்திருந்தால் உப்பு ஏறிப்போன இடம். மேட்டில் இருக்கும் குட்டையின் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது உப்பையும் கொண்டுபோய்விடும், தாழ்வான குட்டையில் அது வந்து தங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதே ஈரத்தில் வெள்ளைக் குடைப் பூவோடு இரண்டு செடிகள் வளரும். சியம் என்ற வாட்டர் பார்ஸ்னிப்பின் இலை ஒரே வரிசையாகப் பிரியும்; சிகூட்டா என்ற வாட்டர் ஹெம்லாக்கின் இலை பிரிந்து மறுபடியும் பிரியும். இதில் சிகூட்டா ஆளைக் கொல்லும் விஷம், அதிலும் அதன் கிழங்கு. வித்தியாசம் தெரியும் என்ற தைரியத்தில் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

தண்ணீர் வற்றி வெறும் சேறு கிடந்தால் ஏமாற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள். பல வருடம் மண்ணில் கிடந்த விதைகள் அப்போதுதான் முளைக்கும்: சிவப்பு கினோபோடியம், பொன்னிற ரூமெக்ஸ், பைடென்ஸ். இவை வறட்சியின் அடையாளம், குட்டையின் வகைக்கு அடையாளம் இல்லை. பழைய கோரையின் காய்ந்த தண்டுகளைத் தேடி அதை வைத்து முடிவு செய்யுங்கள். உழுத குட்டையில் அதுவும் மிஞ்சாது. அங்கே நம்ம ஊர்க் குதிரைவாலியின் சொந்தக்காரனான பார்ன்யார்ட் புல் போன்ற களைகள்தான் நிற்கும். அப்போது உழாத ஓரம் எங்காவது இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் ‘உழுத குட்டை’ என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த குட்டைக்குப் போய்விடலாம்.

கடைசியாகச் சம்பு. நடுவில் சம்பு நின்றால் ஆழமான சதுப்பு, அதாவது சாதாரண வருடங்களில் கோடை தாண்டியும் தண்ணீர் நிற்கும் குட்டை என்பது பழைய கணக்கு. ஆனால் அகல இலைச் சம்பும் குறுகிய இலைச் சம்பும் கலந்து உருவான கலப்பினம் இப்போது ஆழம் குறைந்த குட்டைகளுக்குள்ளும் புகுந்து மற்ற செடிகளை அமுக்கிவிடுகிறது. அதனால் சம்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதருக்குள் கழியால் விலக்கிப் பாருங்கள்: பென்சில் தடிமனில் இலையில்லாத உருண்டைத் தண்டோடு ஹார்ட்ஸ்டெம் புல்ரஷ் நின்றால் ஆழக் குட்டை என்று எழுதலாம், ஸ்லூ செட்ஜும் ஒயிட்டாப்பும் திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்தால் அது பருவக் குட்டைதான்.