நிறைய வேலைக்கு உலாவி தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன கிழமை எங்கள் கிளிநொச்சி வகுப்பில் ஒரு தம்பி குரோம், எட்ஜ், ஒபெரா மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்திருந்தான். "வேலையைப் பிரிச்சு விட்டிருக்கிறன் அக்கா, ஒண்டிலேயே பாரம் ஏறக் கூடாதெல்லோ" என்றான். கொமினிகேசன் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் நம்பியிருந்தேன்.

வேலைக்கொரு உலாவி

இந்தப் பிழையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மின்னஞ்சலுக்கு ஒன்று, படிவங்களுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தேன். கணினியில் 4 ஜிபி றாம்தான் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்). சாதாரண தரப் பெறுபேறு வந்த நாள், பிள்ளைகள் வாசல்வரை நிற்க, கணினி அப்படியே இறுகி நின்றுவிட்டது. வைரஸ் என்று நினைத்து, காசு கொடுத்து இரண்டு தடவை விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை.

குரோம், எட்ஜ், ஒபெரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் எழும்பியவை. ஒபெரா 2013இலும் எட்ஜ் 2020இலும் அதற்கு மாறின. பெயர்தான் வேறு. ஆனால் ஒவ்வொன்றும் திறந்தவுடன் திரைக்கு, இணையத்துக்கு என்று தனக்கான அடிப்படை வேலைகளைத் தனியாகத் தொடங்கும். பதினைந்து பக்கத்தை ஓர் உலாவியில் திறந்தால் அந்தச் செலவு ஒரு தடவை. மூன்றில் ஐந்தைந்தாகத் திறந்தால் மூன்று தடவை. றாம் நிரம்பியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் இடம் பிடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதோடு சரி, கதை முடிந்தது.

டேட்டாவும் போகும். ஓர் உலாவி சேமித்து வைத்த படம் மற்றதற்கு உதவாது. அதே தளத்தை மூன்றிலும் திறந்தால் மூன்று தடவை இறங்கும். சிம் ரவுட்டரில் இணையம் எடுக்கும் மல்லாவி, விசுவமடுப் பிள்ளைகளுக்கு இது கைக்காசு.

கடைசியில் இரண்டு உலாவிகளை நீக்கினேன். அன்றே கணினி ஓடத் தொடங்கியது. விண்டோஸுக்குக் கொட்டிய காசுக்கு இன்னொரு 4 ஜிபி றாமே போட்டிருக்கலாம். இரண்டு கணக்கில் வேலை செய்ய வேண்டுமா, அதே உலாவியில் இரண்டு புரொஃபைல், அதாவது கணக்குக்கொன்றாகத் தனித்தனிப் பிரிவு, உருவாக்குங்கள்.

பக்கங்களைத் தூங்க விடாதது

பாவிக்காத பக்கத்தை ஓய்வுக்கு அனுப்பும் வசதி எட்ஜில் 2021இலும் குரோமில் 2022 கடைசியிலும் வந்தது. போட்டு விடுங்கள். ஆனால் திரும்பிப் போகும்போது குரோம் பக்கத்தைப் புதிதாக ஏற்றும். அதனால் படிவம் நிரப்பும் தளங்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து வையுங்கள்.

நீட்சிகள்

உலாவியில் நாங்கள் மேலதிகமாகச் சேர்க்கும் சின்னக் கருவிகள்தான் இவை (extensions). பாவிக்காததை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 7

குரோமின் 109ஆம் பதிப்புதான் அதற்குக் கடைசி, புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதில் வங்கி வேலை வேண்டாம்.

பெயரைக் கேட்டுத் தெரிவு செய்வது

"எது நல்லது அக்கா?" என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. உங்கள் ஒரு நாள் வேலைக்குரிய பக்கங்கள் எல்லாவற்றையும் ஓர் உலாவியில் திறவுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மனேஜரில், அந்த உலாவி எடுக்கும் மெமரி (றாம்) எவ்வளவு என்று குறியுங்கள். அதை மூடிவிட்டு, அதே பக்கங்களை அடுத்ததில் திறவுங்கள். அந்தத் தம்பிக்கு எட்ஜ் குறைவாகக் காட்டியது. பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கு ஃபயர்பொக்ஸ்.