நண்பர்களோடு ஐரோப்பா சுற்றும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ படிக்கப் போகும் நம் மாணவர்கள் முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளேயே பயணத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் விமானம் தேடுகிறார், இன்னொருவர் தங்குமிடம் பார்க்கிறார், மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறார்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. வேறு யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நம்பியிருப்பார்கள். யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆவண விஷயத்தில் இந்த நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. ஒருவர் மியூனிக்கில் படிக்கிறார், பள்ளித் தோழி டப்ளினில், இன்னொருவர் மான்செஸ்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் என்றாலும் மூவருக்கும் விதிகள் வேறு. தங்களுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. அயர்லாந்தும் பிரிட்டனும் அதில் இல்லை. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளுக்குள்ளும் 90 நாள் வரை விசா இல்லாமல் சுற்றலாம். டப்ளின் தோழி பாரிஸ் வர ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். மியூனிக் நண்பர் லண்டன் போக பிரிட்டன் விசா எடுக்க வேண்டும். டப்ளினிலிருந்து வருபவரிடம் ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால், வியன்னா, புடாபெஸ்ட் என்று போகும் பயணத்தின் நடுவில் பெல்கிரேடைச் சேர்க்கக் கூடாது. செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், அங்கே போனவரால் அதே விசாவில் திரும்பி நுழைய முடியாது.

ஜெர்மனியில் அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று கிடைக்கும். அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் (பெட்டியில்) குறியிடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி தரப்பட்டதென்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவென்றால் அதை வைத்துக்கொண்டு திரும்பி வர முடியாது. நண்பருக்குச் சிக்கல் வரவில்லை என்பது உங்களுக்கு ஆதாரமாகாது.

ஷெங்கனுக்குள் யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பதும் பழைய பேச்சு. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளுக்கும் சோதனையை விரிவுபடுத்தியது. நள்ளிரவில் பஸ்ஸை நிறுத்தி, தூங்குகிறவர்களை எழுப்பிப் பாஸ்போர்ட் கேட்பார்கள். கைபேசியில் உள்ள படம் போதாது. பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். குறைந்த கட்டண விமானங்கள் சிலவற்றில், ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் விமான நிலைய கவுன்டரில் ஆவணத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மலிவு விமானம் என்றதும் குழுவில் எல்லோருக்கும் கை பரபரக்கும். எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். பிராங்க்ஃபர்ட் ஹான், பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பாரிஸ் பெயரைச் சுமக்கும் போவே 80 கிலோமீட்டருக்கு மேல். மியூனிக் என்று விற்கப்படும் மெமிங்கன் 100 கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணம், பெட்டிக் கட்டணம், அதிகாலை விமானத்துக்காக இழக்கும் இரவுத் தூக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் ரயிலே மேலாக இருக்கும்.

ரயிலிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களில் போகத் தரும் யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. அங்கேயே குடியிருப்பு அனுமதியோடு படிக்கும் நீங்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில் பாஸ். 27 வயது வரை இளையோர் கட்டணம். ஆனால் நீங்கள் வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆறு பேருக்குக் கோடை விடுமுறையில் கடைசி நாளில் தேடினால் இடமே கிடைக்காமல் போகலாம். ஜெர்மனியில் இருப்பவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டை ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் காட்டி மாட்டிக்கொள்ளக் கூடாது. ரயில்களில் அது வட்டார ரயில்களுக்கு மட்டுமே. அதே டிக்கெட்டில் மியூனிக்கிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வியன்னா, பிராக், மியூனிக் ஆகிய நகரங்களின் உள்ளூர்ப் போக்குவரத்திலும் இத்தாலியின் வட்டார ரயில்களிலும் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். எல்லோருடைய டிக்கெட்டையும் ஒருவரே வைத்துக்கொண்டு அடுத்த பெட்டியில் ஏறிவிட்டால் மற்றவர்கள் டிக்கெட் இல்லாதவர்கள்தான். ஜெர்மனியில் இதற்கு அபராதம் தலைக்கு 60 யூரோ.

பணத்தைப் பற்றிப் பேசாமல் கிளம்புவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆவணத் தவறு பயணத்தைக் கெடுக்கும். இது நட்பையே கெடுக்கும். ஒருவருக்கு வீட்டிலிருந்து பணம் வருகிறது. ஒருவர் வார இறுதிகளில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்திருக்கிறார். ஒருவர் கல்விக் கடனை நம்பி இருக்கிறார். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ஜெர்மனியின் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும், அதில்தான் வாடகையும் காப்பீடும். சூரிச்சில் இரண்டு இரவு தங்கலாமா என்று குழுவில் கேட்டால் இவர் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார். பிறகு எல்லோரும் உணவகத்தில் அமர்ந்திருக்கும்போது பசிக்கவில்லை என்று சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்காவிட்டால் அது அவர்கள் பிழை.

ஆகவே ஊரை முடிவு செய்யும் முன் தொகையை முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்கேற்ற ஊரையும் விடுதியையும் தேர்ந்தெடுங்கள். சமையலறை உள்ள விடுதியாக இருந்தால் இரவுச் சாப்பாட்டுச் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், சைவக்காரர்களின் கவலையும் தீரும். ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். பொதுச் செலவுக் கணக்கை அன்றன்று இரவே முடித்துவிடுவது நல்லது. ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கணக்கு கசப்பில்தான் முடியும்.

செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்லோட்டி. ஏடிஎம் இயந்திரமோ கடைக்காரரோ யூரோவில் எடுக்கவா என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். யூரோவென்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள். பிராக்கில் பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

ஏழு நாளில் ஆறு நகரம் என்று திட்டம் போடுவோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிற்பகலில் விடுதிக்குள் நுழைந்து மறுநாள் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்பவர்கள் நகரத்தைப் பார்ப்பதில்லை, ரயில் நிலையத்தைத்தான் பார்க்கிறார்கள். பிராக்கிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு வாரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் இல்லத்துக்கு வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு செவ்வாயன்றும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய நாட்களுக்கானவை இணையத்தில் வெளியாகும். ஸ்பெயினின் கிரனாடாவிலுள்ள அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையின் டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள், நஸ்ரித் அரண்மனைக்குக் குறித்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயன்று விடுமுறை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும்) வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவ்ரில் அனுமதி இலவசம். குடியுரிமை தேவையில்லை, குடியிருப்பு அனுமதி போதும். அட்டையை விடுதியில் வைத்துவிட்டு வந்து முழுக் கட்டணம் செலுத்துபவர்கள் இருக்கிறார்கள். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களின் 2 யூரோ இளையோர் சலுகை ஒன்றியக் குடிமக்களுக்கானது. அங்கே அட்டை உதவாது.

நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். ஓவியம் பார்க்க விரும்புகிறவரை அரை நாள் விடுங்கள், சந்தை பார்க்க விரும்புகிறவர் அங்கே போகட்டும். பிரியும் முன் சந்திக்கும் இடமும் நேரமும் பேசிவிடுங்கள். குறிப்பாக சுவிட்சர்லாந்தில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் அங்கே பொருந்தாது, இணையம் இல்லாமல் ஒருவரையொருவர் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக மருத்துவம். ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையாகவும் செயல்படும். ஆனால் இந்தியர், இலங்கையர் போன்ற ஒன்றியத்துக்கு வெளியிலான குடிமக்களுக்கு டென்மார்க், ஐஸ்லாந்து, நார்வே, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அது செல்லாது. அங்கே போவதென்றால் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். காப்பீட்டு எண், ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் மூன்றையும் குழுவில் இருவராவது எழுதி வைத்திருக்கட்டும். ஒன்றியம் முழுவதும் அவசர அழைப்பு எண் 112.